முக்காலியில் ஏறிய சொம்பு

மேற்கு மலையடிவாரத்தில், ஆற்றை ஒட்டி, கஞ்சித்தொட்டி மடம் என்று ஒரு மடம் உண்டு. மலைக்கோயிலுக்கு நடந்து போகிறவர்கள் அங்கே வயிறாரச் சாப்பிட்டுவிட்டுத்தான் மலையேறுவார்கள். சாதி, ஊர், பேர் எதுவும் கேட்பதில்லை. இன்னும் கொஞ்சம் சோறு போடட்டுமா என்று மட்டும் கேட்பார்கள்.

மடத்தின் தலைவி உலகம்மை. வயது நாற்பதுக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். பேச்சு குறைவு. கேட்ட கேள்விக்குப் பதில் வந்தாலும் வரும், வராமலும் போகும். வந்தால் அது வாய் வழியாகத்தான் வரும் என்றும் இல்லை. அவள் முன்னால் யாரும் உட்காருவதில்லை. உட்காரக் கூடாது என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. உட்கார யாருக்கும் துணிச்சல் வந்ததில்லை, அவ்வளவுதான்.

அவளுடைய சீடர் குற்றாலலிங்கம் அவளைவிடப் பதினைந்து வயதாவது மூத்தவர். தென்காசியில் பெரிய இரும்புக் கடை வைத்திருந்தவர். கடையை மகன் கையில் கொடுத்துவிட்டு ஞானம் தேடி மடத்துக்கு வந்தார். ஞானம் வருகிற வழியாகத் தெரியவில்லை. உக்கிராணப் பொறுப்புதான் வந்து சேர்ந்தது.

உக்கிராணம் என்றால் மடத்தின் சாமான் கிடங்கு. அரிசி, பருப்பு, வெல்லம் எல்லாம் மூட்டை மூட்டையாக அங்கேதான் அடுக்கியிருக்கும். லாரியில் வருகிற மூட்டை நேரே உள்ளே போய்விடாது. உக்கிராண வாசலில் ஒரு பலா மணை போட்டு, அதில் உக்கிராணத்தார் சம்மணமிட்டு உட்கார்ந்திருப்பார். சுமைக்காரர்கள் ஒவ்வொரு மூட்டையாகக் கொண்டுவந்து அவர் முன்னால் இறக்குவார்கள். அவர் சந்தனமும் குங்குமமும் வைப்பார். பிறகு மூட்டையைத் தூக்கி, வாசற்படியைத் தாண்டி உள்ளே கொண்டு போவார்கள். பொட்டு வைக்காத மூட்டை உள்ளே போகக் கூடாது என்பது மடத்து வழக்கம்.

அந்த மணைக்காகக் குற்றாலலிங்கம் பல வருஷம் காத்திருந்தார். முதல் நாள் அதில் உட்கார்ந்தபோது அவருக்குக் கண் கலங்கிவிட்டது. கடையில் எத்தனையோ நாள் சுழல் நாற்காலியில் உட்கார்ந்தவர்தான். ஆனால் இது வேறு உட்காரல் என்று அவருக்குத் தோன்றியது. மூட்டை இறக்குகிற நேரம் உலகம்மை அடுப்படியில் இருப்பாள். உக்கிராண வாசல் பக்கம் அவள் வந்ததே இல்லை. அங்கே அவர் வைத்ததுதான் சட்டம்.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் மாசானத்தின் முதுகு வந்து குறுக்கே நின்றது.

சுமைக்காரர் கூட்டத்தில் மாசானம்தான் மூத்தவன். இரும்புக் கடைக் காலத்திலிருந்தே குற்றாலலிங்கத்துக்குப் பழக்கம். சித்திரையில் ஒரு வெல்ல மூட்டையைத் தூக்கியவன் பாதியில் அப்படியே நின்றுவிட்டான். நிமிரவும் முடியவில்லை, இறக்கவும் முடியவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். இன்னொரு தடவை பெரிதாகப் பிடித்துக்கொண்டால் படுக்கைதான், எழுந்திருப்பான் என்று நம்ப வேண்டாம் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார்.

ஆடி அமாவாசை நெருங்கிக்கொண்டிருந்தது. வருஷத்தில் பெரிய லோடு அப்போதுதான் வரும். அந்த லோடுக்கு வராதவனுக்கு அடுத்த ஆடி வரைக்கும் கூட்டத்தில் இடம் கிடையாது.

"ஒரு வருசம் வீட்டுல இரும்வே," என்றார் குற்றாலலிங்கம்.

"இருந்தா பொறவு இருந்துகிட்டேதான் இருக்கணும் அண்ணாச்சி," என்றான் மாசானம். "எனக்கு வேற என்ன வேலை தெரியும்? ரெண்டு பொம்பளப் பிள்ளைய வீட்டுல இருக்கு."

கூட்டத்தின் தலைவன் இசக்கியிடம் பேசிப் பார்த்தார். அவன் தலையைச் சொறிந்தான்.

"எனக்கும் பாவமாத்தான் இருக்கு. ஒருத்தனுக்கு விட்டுக்கொடுத்தா நாளைக்கு ஆளுக்கு ஒரு வலியச் சொல்லிக்கிட்டு நிப்பானுவ. லோடு யார் எறக்குவா?"

அவன் சொல்வதிலும் நியாயம் இருந்தது. குற்றாலலிங்கத்துக்குத் தூக்கம் போயிற்று. மூட்டை சுமக்க மனுஷன் முதுகுதான் வேண்டுமா, அதற்கென்று ஒரு சாமான் இல்லாமலா போய்விடும் என்று யோசித்தார். இரும்புக் கடைக்காரர் இல்லையா. எந்தக் கஷ்டத்தைப் பார்த்தாலும் அதற்கு என்ன சாமான் வாங்கலாம் என்றுதான் அவருக்கு யோசனை ஓடும். ஆனால் எந்தச் சாமான் என்பதில் குழப்பம். குருவிடமே கேட்டுவிடுவது என்று கிளம்பினார்.

உலகம்மை முன்கட்டில் விசுப்பலகையில் உட்கார்ந்து, முறத்தில் பருப்பைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். குற்றாலலிங்கம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"அம்மா, ஒரு சந்தேகம்."

"சொல்லும்."

"மாசானத்தோட முதுகு இன்னொரு தரம் பிடிச்சா அவன் குடும்பமே உக்காந்துரும். லாரி வர்றதுக்குள்ள ஏதாவது ஒரு கருவி வாங்கிப் போடணும். பெரிய மிஷினெல்லாம் நமக்கு ஆகாது. கையில பிடிச்சு வேலை செய்யுத மாதிரி எளிசா இருக்கணும். எது வாங்கலாம்னு நீங்கதான் சொல்லணும்."

உலகம்மை முறத்தை ஓரமாக வைத்தாள். குனிந்து, தரையில் இருந்த செம்புச் சொம்பை எடுத்து ஒரு வாய் தண்ணீர் குடித்தாள். திரும்பத் தரையில் வைக்கப் போனவள் வைக்கவில்லை. எழுந்து போய் ஜன்னல் மேல்மாடத்தில் சொம்பை வைத்தாள். பிறகு வந்து உட்கார்ந்து கல் பொறுக்கத் தொடங்கினாள்.

குற்றாலலிங்கம் காத்து நின்றார். இன்னும் ஏதாவது வரும் என்று பார்த்தார். வரவில்லை. விழுந்து கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார்.

அன்றைக்கு முழுக்க அவருக்குச் சோறு இறங்கவில்லை. குரு சும்மா ஒரு விரலை அசைத்தாலும் அதில் பொருள் இருக்கும் என்று நம்புகிறவர் அவர். கேள்வி கேட்ட கையோடு சொம்பை எடுத்தாளே, ஏன்? தரையில் இருந்ததை ஏன் மேலே வைத்தாள்? நந்தவனத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். சாயங்காலம் சட்டென்று நின்றார்.

கீழே இருந்தது மேலே போயிற்று. அப்படியென்றால் கப்பி!

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் தென்காசிக்குப் போனார். மகன் கடையிலேயே உறுதியானதாக ஒரு சங்கிலிக் கப்பியும் கொக்கியும் பார்த்து எடுத்துக்கொண்டார். உக்கிராண வாசலுக்கு மேலே இருந்த உத்திரத்தில் அதைக் கட்டித் தொங்கவிட்டார். நல்ல வேளையாக அன்றைக்கே பருப்பு வண்டி ஒன்று வந்தது. மணையில் உட்கார்ந்து சந்தனத்தைக் குழைத்தபடி, "ம், மாட்டுங்க," என்றார்.

மூட்டையை அவர் முன்னால் இறக்கினார்கள். பொட்டு வைத்தார். மாசானம் குனிந்து மூட்டைக்கு அடியில் கயிற்றைக் கொடுத்தான். இன்னும் குனிந்து கொக்கியை மாட்டினான். இரண்டு பேர் சங்கிலியை இழுத்தார்கள். மூட்டை மேலே போய், அங்கே நின்று, அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஆடியது. அதைப் பிடித்து நிறுத்தவே இரண்டு பேர் தேவைப்பட்டார்கள்.

இசக்கி அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றான்.

"அண்ணாச்சி, இப்படித் தூக்குனா ஆடி அமாவாசை அரிசி ஆவணி அமாவாசைக்குத்தான் உள்ள போவும்."

எல்லோரும் சிரித்தார்கள். மாசானமும் சிரித்தான், இடுப்பில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு. குற்றாலலிங்கத்துக்குச் சிரிப்பு வரவில்லை. குரு சொன்னது எப்படித் தப்பாகும்? நாம்தான் தப்பாகப் புரிந்துகொண்டோமோ?

மறுபடியும் முன்கட்டுக்குப் போய்க் கையைக் கட்டி நின்றார்.

"கப்பி சரிப்படலை அம்மா."

உலகம்மை நிமிர்ந்து பார்த்தாள். "எந்தக் கப்பி?"

"நீங்க சொன்ன கப்பிதான்."

அவள் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பிறகு எழுந்து ஜன்னல் பக்கம் போனாள். எக்கி நின்று சொம்பை எடுத்தாள். தண்ணீர் கொஞ்சம் தளும்பி அவள் தோளில் சிந்தியது. குடித்துவிட்டு, சொம்பும் கையுமாக அறையைச் சுற்றிப் பார்த்தாள். மூலையில் கிடந்த முக்காலியைக் காலால் இழுத்து விசுப்பலகைக்குப் பக்கத்தில் போட்டாள். சொம்பை அதன்மேல் வைத்துவிட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"வேற என்ன?"

"ஒண்ணுமில்ல அம்மா," என்றார் குற்றாலலிங்கம். இந்தத் தடவை தவற விடக் கூடாது.

அவர் ஆற்றங்கரைக்குப் போய் உட்கார்ந்தார். மேலே போனது கீழே வந்தது, சரி. ஆனால் தரைக்கு வரவில்லையே. தரையில் நிற்கிறது, தரையைத் தொடவும் இல்லை. அது எது? காலுள்ளது. கால் என்றால் நடப்பது. நடப்பது என்றால்? துணி துவைத்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு அவர் தொடையில் ஓங்கித் தட்டினார்.

சக்கரம்!

திரும்பவும் தென்காசி பஸ். இந்தத் தடவை இரண்டு சக்கரத் தள்ளுவண்டி ஒன்று வந்தது. நிமிர்த்திய முதுகும், கீழே நாக்கு நீட்டிய தகடுமாக, மூட்டையை நட்டமாக நிறுத்தித் தள்ளிக்கொண்டு போகிற வண்டி. அதைப் பார்த்ததும் இசக்கிகூட வாயை மூடிக்கொண்டான்.

ஆடி லோடின் முதல் லாரி வந்தது. லாரி வாலுக்கும் உக்கிராண வாசலுக்கும் நடுவில் நல்ல தூரம். அந்தத் தூரத்தை வண்டி அலட்சியமாகக் கடந்தது. மாசானம்தான் தள்ளினான். வெயிலில் அவன் பல் பளிச்சென்று தெரிந்தது.

"அண்ணாச்சி, இது இருந்தா நான் கிழவனாகுத வரைக்கும் லோடு அடிப்பேன்!"

மணையில் உட்கார்ந்திருந்த குற்றாலலிங்கத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. குருவின் வாக்கு பலித்துவிட்டது என்று மனசுக்குள் கும்பிட்டார். வண்டி அவர் முன்னால் வந்து நிற்கும். மூட்டையைச் சாய்த்துத் தரையில் படுக்க வைப்பார்கள். பொட்டு வைப்பார். இரண்டு பேர் குனிந்து, கைகொடுத்துத் தூக்கி, வாசற்படியைத் தாண்டி உள்ளே போவார்கள். வண்டி அடுத்த மூட்டைக்குத் திரும்பிவிடும்.

லாரி பாதி காலியாகியிருக்கும். மாசானம் ஒரு அரிசி மூட்டையைச் சாய்த்துப் படுக்க வைத்தான். பொட்டு வைக்கப்பட்டது. மூட்டைக்கு அடியில் கையைக் கொடுத்துத் தூக்க ஆரம்பித்தவன், தூக்கவில்லை.

அப்படியே நின்றுவிட்டான்.

அவன் முகம் குற்றாலலிங்கத்தின் முகத்துக்கு நேர் எதிரே, ஒரு முழத் தூரத்தில் இருந்தது. வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. கண்ணில் தண்ணீர் கட்டி நின்றது. இவர் விரலில் குங்குமம் இன்னும் காயவில்லை.

"அண்ணாச்சி," என்றான் மெதுவாக. "முடியல."

அவனை அணைத்து ஒரு சாக்கின் மேல் படுக்க வைத்தார்கள். டாக்டர் வந்து ஊசி போட்டார். இந்தத் தடவை தப்பித்துவிட்டான், இன்னொரு முறை இப்படிக் குனிந்து தூக்கினால் தன்னைக் கூப்பிட வேண்டாம் என்று கோபமாகச் சொல்லிவிட்டுப் போனார். மற்ற லாரிகள் நாளை மறுநாள் வருவதாக இருந்தது.

"வந்துருவேன் அண்ணாச்சி," என்றான் மாசானம், படுத்தபடி. "என் பேர அடிச்சிராதிய."

குற்றாலலிங்கம் எழுந்தார். வாழ்நாளில் முதல்முறையாகக் குருவின் மேல் கோபம் வந்தது. விறுவிறுவென்று முன்கட்டுக்குப் போனார். கையைக் கட்ட மறந்துவிட்டார்.

"அம்மா, இன்னிக்கு வாய்விட்டுச் சொல்லணும். நீங்க சொன்னபடி கப்பி வாங்கினேன். வண்டி வாங்கினேன். அவன் என் கண்ணு முன்னாலயே மடங்கி நிக்கான். அந்தச் சொம்புக்கு என்னதான் அர்த்தம்?"

உலகம்மை முக்காலியில் இருந்த சொம்பைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"எந்த அர்த்தம்?"

"முதல்ல தரையில இருந்து ஜன்னலுக்கு எடுத்து வச்சியளே, அது?"

"எனக்கும் நாலு நாளா இடுப்பு பிடிச்சிருந்தது. தண்ணி குடிக்கும்போதெல்லாம் குனிய வேண்டியிருந்தது. மேல வச்சேன்."

"பொறவு ஏன் கீழ எடுத்திய?"

"எட்டலை. தோள்ல கொட்டிச்சு. நீருந்தான் பாத்துக்கிட்டு நின்னீரு."

"முக்காலி?"

"இப்ப குனியவும் வேண்டாம், எக்கவும் வேண்டாம். கை நீட்டுனா சொம்பு."

கப்பி, சங்கிலி, கொக்கி, தள்ளுவண்டி, இரண்டு தடவை தென்காசி பஸ் எல்லாம் குற்றாலலிங்கத்தின் கண் முன்னால் வரிசையாகப் போயின.

"அப்ப என் கேள்விக்கு நீங்க பதிலே சொல்லலையா?"

"எனக்குக் கப்பியும் தெரியாது, வண்டியும் தெரியாது. இரும்புக் கடை வச்சிருந்தது நீரு."

அவள் முறத்தை எடுத்துக்கொண்டாள்.

அன்று அவர் எப்படித் தன் அறைக்கு வந்தார் என்று அவருக்கே தெரியாது. அர்த்தம் இருந்தது என்றால் அது தனக்கு விளங்கவில்லை. அர்த்தமே இல்லை என்றால் இத்தனை வருஷமாக எதை நம்பிக்கொண்டிருந்தோம்? குரு தண்ணீர் குடித்தாள், அவ்வளவுதானா? யோசிக்க யோசிக்கத் தலை கனத்தது. போதாததற்கு, மாசானத்தின் திறந்த வாய் வேறு அடிக்கடி நினைவில் வந்தது. எந்தக் கருவியும் அவருக்கு இப்போது தோன்றவில்லை.

லாரிகள் சொன்னபடி வந்தன.

உக்கிராண வாசலில் மணையைப் போட்டு உட்கார்ந்தார். பக்கத்தில் தரையில் சந்தனக் கிண்ணம். கை தானாகக் குழைத்தது. மனசு எதிலும் ஒட்டவில்லை. வயிற்றைச் சுற்றித் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு மாசானம் வந்து நின்றான். யாரும் அவனை வரவேண்டாம் என்று சொல்லவில்லை. முதல் மூட்டையை ஏற்றிக்கொண்டு வண்டியைத் தள்ளி வந்தான்.

வண்டி அவர் முன்னால் நின்றது. மூட்டை நட்டமாக நின்றது. அதன் கட்டிய வாய் மாசானத்தின் நெஞ்சுக்கு நேராக இருந்தது. அவன் வண்டியின் பின்னால் இருந்து முன்னால் வந்து, இடுப்பில் ஒரு கையை வைத்துக்கொண்டு, மூட்டையைச் சாய்க்கக் குனிய ஆரம்பித்தான்.

"ஏன்வே சாய்க்க?" என்றார் குற்றாலலிங்கம். ஏன் கேட்டோம் என்று அவருக்கே தெரியவில்லை.

மாசானம் குழம்பிப்போய்ப் பார்த்தான். இத்தனை வருஷத்தில் யாரும் கேட்காத கேள்வி.

"பொட்டு வைக்கணும்லா அண்ணாச்சி. உங்களுக்கு எட்ட வேண்டாமா?"

குற்றாலலிங்கத்தின் கை கிண்ணத்திலேயே நின்றது.

அவர் மூட்டையைப் பார்த்தார். மாசானத்தின் முழங்காலைப் பார்த்தார். உட்கார்ந்திருந்ததால் அவர் கண்ணுக்கு நேராக அதுதான் இருந்தது. பிறகு, தான் உட்கார்ந்திருந்த பலா மணையைப் பார்த்தார். பொட்டு வைக்காத மூட்டை உள்ளே போகக் கூடாது. வழக்கம் அவ்வளவுதான். உட்கார்ந்துதான் வைக்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித் தந்ததாக ஞாபகம் இல்லை. எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை.

"சாய்க்காதேயும்," என்றார். "அப்படியே பிடிச்சுக்கிட்டு நில்லும்."

தரையில் கையை ஊன்றி எழுந்தார். முழங்கால் இரண்டும் சடசடத்தன. சுமைக்காரர்கள் எல்லோரும் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். லோடு நேரத்தில் உக்கிராணத்தார் எழுந்து நிற்பதை அவர்கள் பார்த்ததில்லை. யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்து இசக்கி ஓடி வந்தான்.

குற்றாலலிங்கம் நின்றபடியே மூட்டையின் மேல் சந்தனத்தைத் தீட்டி, குங்குமம் வைத்தார்.

"கொண்டு போவும்."

மாசானம் தயங்கித் தயங்கி வண்டியைத் தள்ளினான். இரண்டடி போனதும் சக்கரம் வாசற்படியில் முட்டி நின்றது. நாலு விரல் உயரப் படி. மாசானம் பழக்கத்தில் வண்டியைத் தூக்கக் குனிந்தான்.

"இரும்வே!"

குற்றாலலிங்கம் சுற்றிலும் பார்த்தார். பலகை ஒன்றும் கண்ணில் படவில்லை. கண்ணில் பட்டது ஒன்றே ஒன்றுதான். ஒரு கணம் அவருக்கு அழுகை வருகிற மாதிரி இருந்தது. குனிந்து மணையைக் கையில் எடுத்தார். அதன் ஒரு விளிம்பைத் தரையில் பதித்து, மறு விளிம்பை வாசற்படியின் மேல் சாய்த்து வைத்தார்.

மாசானம் பின்வாங்கினான்.

"அண்ணாச்சி, அது நீங்க உக்காருத மணைலா!"

"ஆமா. ஏத்தும்."

"சக்கரத்தையா?"

"ஏத்தும்னா ஏத்தும்வே."

மணை கிறீச்சென்றது. அந்தச் சத்தம் குற்றாலலிங்கத்தின் நெஞ்சுக்குள்ளும் கேட்டது. சக்கரம் ஏறியது, படியைத் தொடாமல் தாண்டி, உள்ளே இறங்கி, அடுக்குப் பக்கம் உருண்டு போயிற்று. உள்ளே இருந்து மாசானம் திரும்பிப் பார்த்தான். அவன் குனியவே இல்லை என்பது அவனுக்கே அப்போதுதான் உறைத்தது போலிருந்தது.

அன்று முழுக்கக் குற்றாலலிங்கம் நின்றார். சந்தனக் கிண்ணத்தை இடது கையில் பிடித்துக்கொண்டு, வருகிற மூட்டைக்கெல்லாம் நின்றபடியே பொட்டு வைத்தார். லாரி மேலிருந்து வண்டியில் மூட்டையை நிறுத்திக் கொடுக்க இரண்டு பேர், உள்ளே அடுக்க இரண்டு பேர், நடுவில் வண்டி தள்ள மாசானம். வண்டி தள்ளுவதும் லோடு அடிப்பதுதானா என்று எவனோ கேட்டான். "நீ தள்ளிப் பாருலே, தெரியும்," என்று இசக்கி அவன் வாயை அடைத்துவிட்டான்.

கடைசி மூட்டை உள்ளே போனபோது மணையின் நடுவில் சக்கரத் தடம் விழுந்திருந்தது.

சாயங்காலம் குற்றாலலிங்கம் முன்கட்டுக்குப் போனார். கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நிற்க முடியவில்லை; ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறிக்கொண்டே இருந்தார்.

"எல்லாம் உள்ள போயிட்டா?" என்றாள் உலகம்மை.

"போயிட்டு அம்மா."

"மாசானம்?"

"சிரிச்சுக்கிட்டே வீட்டுக்கு நடந்து போனான். கூட்டத்துல அவன் பேரு இருக்கு."

"எந்தக் கருவி கைகொடுத்தது?"

"வண்டிதான் அம்மா. ஆனா நான் மணைய விட்டு எந்திரிச்ச பொறவுதான் அது ஓடிச்சு."

உலகம்மை தலையை ஆட்டினாள். அவர் கால் மாற்றுவதைக் கவனித்தாள்.

"கால் வலிக்கோ?"

"நாள் முழுக்க நின்னேன்லா."

அவள் முக்காலியில் இருந்த சொம்பை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். முக்காலியை அவர் பக்கம் தள்ளினாள்.

"உக்காரும்."

அவர் பதறிப்போனார். உட்காரவில்லை. அந்த முக்காலியையே பார்த்துக்கொண்டு நின்றார். காலையிலிருந்து மனசுக்குள் முட்டிக்கொண்டிருந்தது வெளியே வந்துவிட்டது.

"அம்மா, ஒண்ணே ஒண்ணு கேக்கேன். கப்பி வேண்டாம், வண்டி வேண்டாம், முதல்ல நீரு எந்திரியும்னு அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா? அவன் அந்த வலிய இன்னொரு தரம் பட்டிருக்க மாட்டானே?"

உலகம்மை சொம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"நீரு உக்காந்திருப்பீருன்னு எனக்கு எப்படித் தெரியும், குற்றாலலிங்கம்? என் முன்னால நீரு ஒருநாளும் உக்காந்ததில்லையே."